2025–26 ஆண்டறிக்கை: நம் சேவையகமும் மேசைக்கணினிக் கருவிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஈரோடு, கோபி, பவானி, சென்னிமலை, பெருந்துறை, திருப்பூர் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற நம் கட்டற்ற மென்பொருள் சங்கம் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை ஆற்றிய பணிகளைப் பேரவையின் முன் வைக்கிறேன். உறுப்பினர் பட்டியலும் வரவு செலவும் பொருளாளரின் அறிக்கையில் வருவதால் அவற்றை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

சென்ற ஆண்டு வரை நம் சங்கத்தின் வேலை பெரும்பாலும் பிறர் எழுதிய மென்பொருளை நிறுவுவதும், நிறுவக் கற்றுக்கொடுப்பதுமாகவே இருந்தது. இந்த ஆண்டுதான் தமிழுக்குச் சரிவராத இடங்களைக் கண்டுபிடித்து, நம் கணினியில் மட்டும் ஒட்டுப்போட்டு வைத்துக்கொள்ளாமல், அந்த மென்பொருளை உருவாக்கும் மூலத் திட்டத்துக்கே திருத்தம் அனுப்பி ஏற்க வைக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். ஆண்டின் பணிகளில் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

முதலில் சேவையகம், அதாவது பதிவுகளைச் சேமித்து இணையத்தில் வழங்கும் நம் கணினி. நாம் நடத்துவது மாஸ்டடன். ஜெர்மனியில் வாழும் ஆய்கன் ரோஷ்கோ 2016இல் வெளியிட்ட இந்தக் குறும்பதிவு மென்பொருள் ஏஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. அதாவது, இதை மாற்றி இணையத்தில் சேவையாக நடத்துபவர், மாற்றிய நிரலையும் பயனாளர்களுக்குத் திறந்து வைக்கக் கடமைப்பட்டவர். 2018 ஜனவரி 23 அன்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரையாக ஏற்ற ஆக்டிவிட்டிபப் நெறிமுறையே இதன் அடித்தளம். கோபியில் உள்ள நம் உறுப்பினர் ஒரு பதிவு இட்டால், அவரைப் பின்தொடர்பவர்கள் எந்தெந்தச் சேவையகங்களில் இருக்கிறார்களோ அந்தந்தச் சேவையகத்தின் உள்பெட்டிக்கு நம் சேவையகம் நேரடியாகப் படி அனுப்புகிறது. அனுப்பியது நாம்தான் என்பதை மறுமுனை சரிபார்க்க, ஒவ்வொரு படியும் டிஜிட்டல் கையொப்பத்துடன் செல்கிறது. இடையில் எந்த நிறுவனத்தின் கிடங்கும் இல்லை. 2019 நவம்பரில் இந்தியப் பயனாளர்கள் பெருமளவில் மாஸ்டடனை எட்டிப் பார்த்தார்கள். 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறியபோது உலகமே எட்டிப் பார்த்தது. அப்படி வந்தவர்களில் பலர் திரும்பிப் போய்விட்டார்கள் என்பதும் உண்மையே. நம்மிடம் தங்கியவர்கள் செய்தி பரபரப்புக்காக வந்தவர்கள் அல்லர். உள்ளூர்த் தேவைக்காக வந்தவர்கள்.

அந்தத் தேவை என்னவென்று புதிய உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும். கீழ்பவானிப் பாசனத்தில் 2,07,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. பவானிசாகர் அணையின் நீர்மட்டம் முழு உயரமான 105 அடிக்கு எவ்வளவு குறைவு, ஆகஸ்ட் 15இல் தண்ணீர் திறப்பார்களா, இந்த முறை ஒற்றைப்படை மதகுகளுக்கா இரட்டைப்படை மதகுகளுக்கா என்பனவெல்லாம் விவசாயிக்கு அன்றாடச் செய்தி. நம் உறுப்பினர்கள் சிலர் இவற்றைத் தினந்தோறும் பதிவிடுகிறார்கள். வேறு சிலர் பெருந்துறை, ஈரோடு மஞ்சள் ஏல விலைகளையும், அவல்பூந்துறை, கொடுமுடி கொப்பரை ஏல விலைகளையும் பதிவிடுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் இதே செய்தி காலை வணக்கங்களுக்கு அடியில் மாலைக்குள் மறைந்துவிடும். இங்கே ஒவ்வொரு பதிவுக்கும் நிலையான முகவரி உண்டு. போன ஆண்டு இதே வாரத்தில் விரலி மஞ்சள் என்ன விலைக்குப் போனது என்பதை யாரும் உள்நுழையாமலே திறந்து படிக்கலாம்.

சேவையகம் ஈரோட்டில் உறுப்பினர் ஒருவரின் அச்சகத்து மாடி அறையில் இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால் மாலைதான் வரும். இன்வெர்ட்டர் அவ்வளவு நேரம் தாங்குவதில்லை. அந்த நேரத்தில் வெளியிலிருந்து வரும் பதிவுகள் தொலைந்துபோகுமா என்று உறுப்பினர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். தொலைவதில்லை. அனுப்பும் மாஸ்டடன் சேவையகம் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப முயலும். மாலையில் மின்சாரம் வந்ததும் வரிசையில் நின்றவை ஒவ்வொன்றாக வந்து சேர்வதை நிர்வாகப் பக்கத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். ஏழு வெவ்வேறு நாள்களில் தொடர்ந்து தோல்வி பதிவானால்தான் அது நம்மைச் செயலற்ற முகவரியாகக் குறித்து அனுப்புவதை நிறுத்தும். நம்மிடமிருந்து மீண்டும் ஏதேனும் சென்றால் அந்தக் குறி நீங்கிவிடும். ஆகவே ஒரு பகல் மின்தடைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு வாரம் யாரும் கவனிக்காமல் விடுவதற்குத்தான் அஞ்ச வேண்டும். பராமரிப்பு முறைப்பட்டியலை விடாமல் கடைப்பிடிக்குமாறு நான் வற்புறுத்தியதற்குக் காரணம் இதுவே.

சேவையகத்தின் வன்வட்டு நிரம்புவதற்கு நம் பதிவுகள் காரணமல்ல. பிற சேவையகங்களிலிருந்து வரும் படங்களின் தற்காலிகப் படிகளே காரணம். அவற்றைக் குறித்த நாள்களுக்குப் பின் தானாக நீக்குமாறு அமைத்துவிட்டோம்.

சட்டப்படியான ஒரு பொறுப்பையும் இந்த ஆண்டு ஒழுங்குபடுத்தினோம். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பிறர் பதிவுகளைத் தாங்கும் இடைநிலையாளர் ஒரு குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு வழியையும் வெளியிட வேண்டும். புகாரை 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து 7 நாள்களுக்குள் (2026 பிப்ரவரித் திருத்தம் வரை 15 நாள்கள்) தீர்க்க வேண்டும். சிறிய சங்கம்தானே என்று இதைத் தள்ளிப்போடுவது சரியல்ல என்று செயற்குழு கருதியது. துணைத் தலைவர் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார். அவர் விவரம் சேவையகத்தின் அறிமுகப் பக்கத்தில் உள்ளது.

இனி மேசைக்கணினிக் கருவிகளுக்கு வருகிறேன். ஆண்டின் முக்கியமான வேலை இங்கேதான் நடந்தது. நம் உறுப்பினர்களில் பலர் உலாவியை விட்டுவிட்டுக் கணினிச் செயலி வழியாகவே பதிவுகளைப் படிக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்திய திறமூல வாசிப்புச் செயலி ஒன்றில் ஒரு வினோதம் தெரிந்தது. கீழ்பவானி, கொப்பரை, கைத்தறி ஆகிய மூன்று ஹேஷ்டேகுகளும் ‘க’ என்ற ஒரே எழுத்தின்கீழ் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன. மஞ்சள் என்பது ‘மஞ’ என்றும், பவானி ஜமுக்காளத்துக்கான குறி ‘ஜம’ என்றும் நின்றன. பெருந்துறையில் பொறியியல் படிக்கும் நம் மாணவி உறுப்பினர் நிரலைத் திறந்து பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். சொல் எங்கே முடிகிறது என்பதை அறிய, அந்தச் செயலி பைத்தான் நிரல்மொழியின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமுறையில்) ‘சொல்லெழுத்து’ என்ற பொதுக்குறியை நம்பியிருந்தது. அந்தக் குறி எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு தரத்தில் நம் புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்து வகையில் இல்லை. எழுத்தோடு ஒட்டி வரும் சேர்குறி வகையில் இருக்கின்றன. ஆகவே முதல் உயிர்க்குறியோ புள்ளியோ வந்ததும் சொல் முடிந்துவிட்டதாகச் செயலி எடுத்துக்கொண்டது.

திருத்தம் சிறியதுதான்: எழுத்து வகையோடு சேர்குறி வகையையும் ஏற்க வேண்டும். நம் கணினிகளில் மாற்றிக்கொண்டு அன்று மாலையே வேலையை முடித்திருக்கலாம். அப்படிச் செய்தால் அடுத்த பதிப்பு வந்தவுடன் பழைய கோளாறு திரும்பும். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ளவர்கள் அதே குறையோடு இருப்பார்கள். அதனால் வழுவறிக்கை எழுதி, சோதனைகளோடு திருத்தத்தை அனுப்பினோம். திட்டத்தைப் பராமரிப்பவர்கள் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்கள்: இந்த மாற்றத்தால் மற்ற மொழிகளில் ஏதாவது உடையுமா? அதற்கு விடையாக மலையாளம், தேவநாகரி, தாய் எழுத்துகளிலும் சோதனைகள் எழுதிக் கொடுத்தோம். அவற்றிலும் இதே கோளாறு இருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. திருத்தம் ஏற்கப்பட்டு அடுத்த வெளியீட்டில் சேர்ந்தது. அந்த மாணவியை இந்தப் பேரவை பாராட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதே பாடம் நம் சொந்தக் கருவிக்கும் பயன்பட்டது. மாஸ்டடனில் ஒருவர் வேறு சேவையகத்துக்குக் குடிபெயர்ந்தால் பின்தொடர்பவர்கள் அவரோடு போவார்கள். பழைய பதிவுகள் போகா. பதிவுகளைக் கட்டாகத் தரவிறக்க முடியும் என்றாலும், கிடைப்பது சாதாரணப் பயனாளர் படிக்க முடியாத ஜேசன் கோப்பு. அதைத் திறந்து, தேதி வாரியாகக் காட்டி, இணையம் இல்லாமலே தேட உதவும் சிறு கருவியை ஜிடிகே 4 என்ற சாளர நிரல் தொகுப்பில் எழுதத் தொடங்கினோம். தேடலுக்கு எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் எப்டிஎஸ்5 என்ற உரைத்தேடல் பகுதியைப் பயன்படுத்தினோம். அதன் இயல்பான சொற்பிரிப்பியும் எழுத்து, எண் வகைகளையே சொல்லின் பகுதியாகக் கொள்ளும். சேர்குறி வகைகளை நாம் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். ஹேஷ்டேக் வழுவில் கற்றது கையில் இருந்ததால் தொடக்கத்திலேயே இதைப் பார்த்து அமைத்துவிட்டோம்.

இன்னொரு சிக்கல் அதைவிட நுட்பமானது. கோயமுத்தூர் என்ற பெயரைப் படிப்பவருக்கு ஆறு எழுத்துகள். யூனிகோடில் அது 11 குறியிடங்கள் (தனி எண் பெற்ற குறிகள்). அதைச் சேமிக்கும் யூடிஎப்-8 முறையில் 33 பைட்டுகள். அதோடு, முதலில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியிடமாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் துணைக்காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறுவேறு சொற்கள். பழைய எழுத்துரு மாற்றிகளின் வழியாக வந்த பதிவுகளில் இரண்டாம் வடிவம் நிறைய இருந்ததால், ஊர்ப் பெயரைத் தேடினால் பாதிப் பதிவுகள் வரவில்லை. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே இயல்வடிவத்துக்குக் கொண்டுவருமாறு செய்த பிறகு தேடல் முழுமையானது. எழுத்துகளை எண்ணும் இடத்தில் மாஸ்டடன் நமக்கு நன்மையே செய்கிறது: அதன் 500 எழுத்து வரம்பு உயிர்மெய்யை ஒன்றாகவே எண்ணுகிறது. ஆகவே கோயமுத்தூருக்கு ஆறுதான் செலவாகும். எல்லாச் செயலிகளும் இந்த முறைக்கு வர வேண்டும் என்பது என் கருத்து.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பு கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய புராசசரும் இல்லாத கணினிகள் டிடிபி கடைகளிலும் தறிக்குடோன் கணக்கறைகளிலும் ஏராளம். வார இறுதிகளில் அவற்றில் டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தோம். தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருப்பதால் தட்டச்சுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. அச்சகங்களின் பெரிய கவலை பாமினி எழுத்துருவில் உள்ள பழைய கோப்புகள். அந்த முறையில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருக்கும். எழுத்துரு இல்லாவிட்டால் ஒரு வரியும் புரியாது. ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும் என்பதால், மாற்றும்போது வரிசையையும் திருப்ப வேண்டும். லிப்ரே ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலகத் தொகுப்புக்குள்ளேயே இதைச் செய்யும் ஒரு மேக்ரோவைத் திருப்பூர் உறுப்பினர்கள் எழுதியிருக்கிறார்கள். திருமண அழைப்பிதழ்களில் நன்றாக வேலை செய்கிறது. அட்டவணைகள் உள்ள கோப்புகளில் இன்னும் வேலை மீதமிருக்கிறது.

மாஸ்டடன் இடைமுகத்தின் தமிழாக்கம் கிரௌடின் என்ற கூட்டு மொழிபெயர்ப்புத் தளத்தில் தொடர்கிறது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது. சேவையகத்தின் நிர்வாகச் சாவி இப்போது ஈரோட்டில் உள்ள இருவரிடம் மட்டுமே இருப்பதால், வேறு ஊரிலிருந்து மூன்றாம் பராமரிப்பாளர் ஒருவரை நியமித்து, தரவுத்தளக் காப்புப்படியையும் அந்த ஊரிலேயே வைக்க வேண்டும். உறுப்பினர்களின் முகவரிகள் அனைத்தும் நம் இணையப் பெயரோடு பிணைந்திருப்பதாலும், இடையில் அதை மாற்ற வழியில்லாததாலும், அந்தப் பெயரை ஆண்டுதோறும் புதுப்பிக்காமல் பத்தாண்டுகளுக்குச் சேர்த்துப் பதிய வேண்டும். நம் காப்பகக் கருவியை ஏஜிபிஎல் உரிமத்தில் பொதுவில் வெளியிட வேண்டும். இம்மூன்றையும் பேரவையின் விவாதத்துக்கும் ஒப்புதலுக்கும் வைக்கிறேன்.

செயலாளர்
ஈரோடு