ஹேர்மிஸ் கவுண்டரில் விற்கிற சாமான் இல்லை

மட்டக்களப்பு, கல்குடா, பாசிக்குடாக் கரைகளில் சுழியோட்டக் கடை நடத்தும் சகோதரர்களுக்கு,

போன கிழமை ஒரு கடை வாசலில் காதில் விழுந்தது: "இண்டைக்கு பிரிட்டிஷ் சார்ஜன்ட் பார்த்தாச்சு, நாளைக்கு ஹேர்மிஸ் போவம்." இரண்டும் நம் கடலடியில் கிடக்கும் பிரிட்டிஷ் கப்பல்கள்: சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல், ஹேர்மிஸ் விமானந்தாங்கிப் போர்க்கப்பல். தலையாட்டிக்கொண்டு நின்ற பொடியன் கொழும்பிலிருந்து வந்தவன். சுழியோட்டப் பயிற்சி அட்டை எடுத்து ஆறு மாதமாம். மொத்தம் பதினொரு டைவ்.

இரண்டு கப்பலையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தது ஒரே நாளில், 1942 ஏப்ரல் 9. அதனால் நம் வாயில் இரண்டும் சோடியாகவே வருகின்றன. அடியில் அவை சோடி இல்லை. சார்ஜன்ட் 25 மீற்றர் அளவில் கிடக்கிறது, ஹேர்மிஸ் 50 ஐத் தாண்டி. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40. அந்தப் பொடியனின் அட்டை 18 மீற்றருக்கானது. சார்ஜன்டே அவனுக்கு அதிகம்.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. 11 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அமுக்கத்துக்குக் காற்றடித்தால் 2200 லீற்றர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பவன், அமுக்கம் ஆறு மடங்காகிற 50 மீற்றரில் 120 இழுப்பான். பதினெட்டு நிமிடத்தில் சிலிண்டர் காலி, ஏறிவரக் காற்றில்லை. பயந்து மூச்சு வாங்கினால் அதிலும் பாதி. 40 மீற்றரிலேயே, உடம்பில் ஏறிய நைதரசன் வெளியேற வழியில் தரிக்காமல் நேரே மேலே ஏறவேண்டுமென்றால், பத்து நிமிடமளவுதான் நிற்கலாம். அதற்கும் கீழே நைதரசன் தலைக்கேறி, ஆழம் காட்டும் கருவியைப் பார்த்தும் இலக்கம் மண்டையில் ஏறாது. 32 வீத நைட்ரொக்ஸ், அதாவது ஒட்சிசன் கூட்டிய காற்று, நிரப்பிக் கொடுத்தால் இன்னும் மோசம். அது 34 மீற்றருக்குள் நிற்கவேண்டிய வாயு. ஹேர்மிஸில் அதைச் சுவாசிப்பவனுக்கு வலிப்பு வந்து வாயிலிருந்து ரெகுலேட்டர் கழன்றுவிடலாம்.

நானும் யோக்கியனில்லை. சில வருடங்களுக்கு முன் சார்ஜன்டில் ஒரு ஓட்டைக்குள் "சும்மா எட்டிப் பார்க்க" நுழைந்தேன். திரும்பி வர வழிகாட்டும் கயிறு கட்டவில்லை. என் துடுப்புப் பட்டே சேறு கிளம்பியது. மூக்குக்கு முன் பிடித்த லைற் பழுப்பாக ஒரு பொட்டு, அவ்வளவுதான். பின்னால் திரும்பினால் கழுத்துக்குப் பின்னே ஏதோ பிடித்து இழுக்கிறது. அறுந்துபோன தங்கூசி வலை, சிலிண்டர் வால்வில் சிக்கியிருந்தது. தன் கை எட்டாத இடம். வெளியே நின்ற கூட்டாளி கத்தரியால் ஒவ்வொரு கண்ணாக வெட்டினான். வெளியே வரும்போது 60 பார். கத்தி கொண்டுபோயிருந்தால் அந்த நைலோனை அறுக்கக் கஷ்டப்பட்டிருப்பான். கத்தரிதான் வேண்டும்.

அதனால் கேட்கிறேன். உள்ளே போகப் பயிற்சி இல்லாதவனைக் கப்பலின் வெளிப்பக்கத்தோடு நிறுத்துங்கள். பயிற்சி உள்ளவனும் கயிறில்லாமல், இரண்டு லைற் இல்லாமல் நுழையக் கூடாது. காற்றில் மூன்றிலொன்று போக, மூன்றிலொன்று வர; மிச்சத்தைத் தொடக்கூடாது. ஹேர்மிஸ் கேட்டு வருகிறவனிடம் ஆழக்கடல் தொழில்நுட்பப் பயிற்சிச் சான்றைக் கேளுங்கள். இல்லையென்றால் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்புங்கள். பக்கத்துக் கடை கூட்டிக்கொண்டு போய்விடும் என்கிற பயம் எனக்கும் புரிகிறது. எல்லாரும் சேர்ந்து "இல்லை" என்றால் அந்தப் பக்கத்துக் கடை எங்கே இருக்கும்?

படகில் ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதா, அதில் வாயு இருக்கிறதா என்று புறப்படுமுன் திறந்து பாருங்கள். வேகமாக ஏறி நைதரசன் குமிழி கட்டியவனை வைத்துச் சிகிச்சை செய்யும் அமுக்க அறை இன்றைக்கு இயங்குகிறதா என்று போனில் கேட்டுவிட்டு நங்கூரம் தூக்குங்கள். இரவு கட்டுநாயக்காவில் விமானம் ஏறுகிறவனைக் காலையில் இறக்காதீர்கள். பல டைவ் அடித்தவனுக்குக் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் 18 மணித்தியாலமாவது வேண்டும்.

இன்னொன்று. ஹேர்மிஸோடு தளபதி ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் போனார்கள். அந்தக் கல்லறையிலிருந்து பித்தளைத் துண்டு கழற்றிவந்து மேசையில் வைத்துக் காட்டுகிற பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கைவிடுங்கள்.

என்னிடம் கயிற்றுச் சுருள் இரண்டு சும்மா கிடக்கிறது. கட்டப் பழக விரும்பும் வழிகாட்டிப் பொடியன்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்புங்கள். முதலில் கரையில் தென்னைமரங்களுக்கு நடுவே, கண்ணைக் கட்டிக்கொண்டு பழகலாம்.

இப்படிக்கு,
உங்களோடு அதே கடலில் இறங்கும் ஒரு சுழியோடி