அலுமினியம் வெல்டிங்: வேலை கொடுக்கும் முன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "வெல்டு அப்படியே இருக்கு, பக்கத்துத் தகடுதான் பிய்ஞ்சு போச்சு. மெட்டீரியல் மட்டமா?" இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. மெட்டீரியல் சரியானதுதான். 6061 டி6-இன் குணம் அது. 6061 என்பது அலுமினியக் கலவையின் எண்; டி6 என்பது அதைச் சூடாக்கிக் கெட்டியாக்கிய நிலை.

டி6 தகட்டைச் சுமார் 530 டிகிரியில் காய்ச்சி, தண்ணீரில் சட்டென்று ஆற்றி, பிறகு 175 டிகிரியில் எட்டு மணி நேரம் போல வைத்து எடுப்பார்கள். அந்தக் கடைசிச் சூட்டில் மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக உள்ளே படியும். பலத்தில் பெரும்பகுதி அவற்றால்தான். வெல்டிங் சூடு பட்டால் துகள்கள் கரைந்துபோகும், இல்லாவிட்டால் பெருத்துப்போகும். சுமார் 310 மெகாபாஸ்கல் (இழுவிசையைத் தாங்கும் பலத்தின் அளவு) தாங்கிய தகட்டை, வெல்டுக்கு இருபுறமும் 25 மி.மீ. வரை, 165 என்றுதான் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆகவே "வெல்டை இன்னும் தடிமனாகப் போடுங்க" என்பது தீர்வல்ல. கூடுதல் சூடு, கூடுதல் நசிவு. மூட்டை இடம் மாற்றுவதுதான் வழி. இரு முனையிலும் தாங்கி, நடுவில் பாரம் ஏற்றும் பெட்டிக் குழாயின் அடிப்பக்கம்தான் அதிகம் இழுபடும். கேபிள் பிடிக்க ஒரு சின்ன கிளிப்பை அங்கே குறுக்காக வெல்டு செய்தாலும் குழாய் அந்த இடத்தில் இளகிவிடும். அதே கிளிப்பைப் பக்கச்சுவரின் நடு உயரத்தில் வைத்தால் பெரிய நஷ்டமில்லை. படம் வரையும்போதே இதைப் பார்த்துவிடுங்கள்.

முழுக்க வெல்டிங்கில் நிற்கும் தகட்டு வேலை என்றால் 5083 என்ற கலவையை வாங்குங்கள். அதன் பலம் கரைந்திருக்கும் மெக்னீசியத்தில் இருக்கிறது. உருட்டிப் பெற்ற கெட்டிதான் சூட்டில் போகும், 275 மெகாபாஸ்கல் அளவு மிஞ்சும். 7075 என்ற கலவையைக் கொண்டுவந்தால் வெல்டு செய்ய மாட்டோம். ஆறும்போதே வெடிக்கும், போல்ட் போடுங்கள்.

ஃபில்லர் ராடு (மூட்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) விஷயத்தில் உங்களிடமிருந்து இரண்டு தகவல் தேவை. பின்னால் அனோடைசிங் (மின்சாரத்தால் மேலே ஆக்சைடுப் பூச்சு ஏற்றுவது) உண்டா? உண்டென்றால் 5356 என்ற ராடு போடுவோம். சிலிக்கான் உள்ள 4043 அனோடைசிங் தொட்டியில் கறுத்து, கோடு பளிச்சென்று தெரியும். பாகம் தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் சூட்டில் ஓடுமா? அப்படியானால் 5356 ஆகாது, அரிப்பும் இழுவிசையும் சேர்ந்து வெடிப்பு வரும்; 4043தான். ராடே இல்லாமல் 6061-ஐ உருக்கி ஒட்டச் சொல்லாதீர்கள். வெல்டின் நடுவே நீளமாக விரிசல் விழும்.

வெல்டுக்குள் குண்டூசித் துளைகள் வருவது பெரும்பாலும் ஹைட்ரஜனால். உருகிய அலுமினியம் அதை நிறைய உறிஞ்சும், உறையும்போது வெளியேற்றும்; வெளியே போக நேரமில்லாதது துளையாக நின்றுவிடும். எண்ணெய், ஈரம், பழைய ஆக்சைடுப் படலம் மூன்றும் ஹைட்ரஜனைக் கொண்டுவருபவை. படலத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: அலுமினியம் 660 டிகிரியில் உருகும், படலத்துக்கு 2000-க்கு மேல் வேண்டும். அதனால் முதலில் அசிட்டோனால் துடைத்து, பிறகே ஸ்டெயின்லெஸ் பிரஷ் போடுகிறோம். வரிசை மாறினால் பிரஷ் எண்ணெயை உள்ளே தேய்த்துவிடும். நீங்களே வெட்டி அனுப்பினால், மூட்டு ஓரத்தில் மார்க்கரோ கிரீஸோ வேண்டாம்.

பாகம் கோணியிருந்தால் கேஸ் டார்ச்சால் சூடாக்கி நிமிர்த்தாதீர்கள். இரும்புபோல் இது சிவந்து எச்சரிக்காது. நிறம் மாறாமலே டி6 போய்விடும்.

ஆர்டருடன் உலோகக் கலவையின் எண், அனோடைசிங் உண்டா இல்லையா, ஓடும் வெப்பநிலை, பாரம் வரும் திசை நான்கையும் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து