உட்கார்ந்தாலும் என் முறை என் முறைதான்: மட்டக்களப்பு மாவட்ட வங்கி முகாமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகாமையாளர்களே,

கொடுப்பனவு நாட்களில் உங்கள் கிளைகளில் எவ்வளவு கூட்டம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023இல் அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிப் பணம் வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கியதிலிருந்து வரிசை வாசலையும் தாண்டி நீள்கிறது. கடந்த செவ்வாய்க்கிழமை அதில் நானும் இருந்தேன். படுவான்கரையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்தவன். இடது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். எப்படிப் போனது என்று நம் மாவட்டத்தில் யாரும் கேட்பதில்லை.

அரை மணி நேரம் நின்றால் பொய்க்காலுக்குள் வியர்வை தேங்கும். பிறகு தோல் உரசும். புண் வந்துவிட்டால் பத்து நாளைக்குப் பொய்க்காலை மாட்ட முடியாது; என் சைக்கிள் திருத்தும் கொட்டிலுக்கும் பத்து நாள் பூட்டுத்தான். ஆகவே ஓரத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் எழுந்து போனால், "வரிசையில் வாருங்கள்" என்றார் பின்னால் நின்றவர். அவர்மீது பிழையில்லை, காற்சட்டைக்குள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? காவலாளியும் அதையே சொன்னார். கடைசியில் அத்தனை பேர் முன்னிலையிலும் காற்சட்டையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினேன். "ஐயோ மகன்" என்றார் ஒரு அம்மா. எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். பணத்தை எண்ணிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

முந்திப் போக விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வருகிற எல்லோருக்கும் இலக்கச் சீட்டுக் கொடுங்கள், நாலு கதிரை கூடுதலாகப் போடுங்கள். உட்கார்ந்திருந்தாலும் என் முறை எனக்கே இருக்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் வரும் என் நண்பரின் பாடு வேறு. கயிறு கட்டிய வரிசையின் வளைவில் நாற்காலி திரும்பாது. கருமபீடத்துக்குக் கீழிருந்து பார்த்தால் ஊழியரின் முகம் தெரியாது, பணம் நீட்டும் கை மட்டும் தெரியும். வாசலில் சாய்தளம் இருக்கிறது, உண்மைதான். அதன் அடியில் மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றன.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுக் கட்டடங்களுக்குள் நாங்கள் சென்றுவர வழிசெய்யும் 2006இன் அணுகுவசதி ஒழுங்குவிதிகள், அவற்றைக் கடைப்பிடிக்கச் சொல்லி 2011இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளை எல்லாம் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் எங்களுக்குத் தொப்பியும் ரீசேட்டும் தந்து, படியேறிப் போக வேண்டிய மேடையில் நிறுத்திப் படம் எடுக்கவும் தெரிகிறது. கிளைக்குள் வந்தால் "வரிசையில் நிற்கவும்" என்று பலகை. மூன்று மொழியிலும் நிற்கத்தான் சொல்கிறது.

பொறுத்தருளுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். கேட்பது இலக்கச் சீட்டும் கதிரையும், உட்கார்ந்தாலும் பறிபோகாத ஒரு முறையும்தான். அடுத்த மாதக் கொடுப்பனவுக்கு முன் தயவுசெய்து இதைச் செய்து தாருங்கள். நான் வருவேன். காற்சட்டையை இனித் தூக்க மாட்டேன்.

இப்படிக்கு,
படுவான்கரை வாடிக்கையாளர் ஒருவர்