மிதக்கும் தோட்டத்துக்குச் செடி தேடும் குழுவினருக்கு

வணக்கம். குளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்ய, மிதவையில் செடி நட்டு மிதக்கும் தோட்டமாக விடுவது நல்ல யோசனை, அதில் எனக்குச் சண்டை இல்லை. உங்கள் செடிப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். முக்கால்வாசி கல்வாழை, நடுவில் அழகுக்கு ஆகாயத்தாமரை, அதாவது வெங்காயத்தாமரை! கல்வாழை அமெரிக்கக் கண்டத்துச் செடி என்றாலும் தண்ணீரில் இருக்கும் சத்தை நன்றாகவே உறிஞ்சும், பூவும் படத்தில் எடுப்பாக விழும், சரி. ஆனால் ஆகாயத்தாமரையுமா? தென்னமெரிக்காவிலிருந்து பூவுக்காகக் கொண்டுபோய் உலகமெல்லாம் விட்டது அது. ஒத்துவரும் தண்ணீரில் இரண்டு வாரத்திலேயே இரட்டிப்பாகிவிடும். அதை அள்ளத்தானே எல்லோரும் இயந்திரம் இறக்குகிறார்கள்?

பட்டியலை மூடி வைத்துவிட்டுக் குளக்கரையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கோரை, சம்பு, நாணல், நீர்ப்பிரமி என்று அங்கே தானாக வளர்ந்து நிற்பதில் எது அந்த மண்ணுக்கே உரியது என்று தெரிந்தவரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கரையில் நிற்பதெல்லாம் உள்ளூர்ச் செடி இல்லை. பொன்னாங்கண்ணிக்கு வெள்ளைப் பூ இலை தண்டோடு சேரும் கக்கத்தில் ஒட்டியே இருக்கும். பூ நீளமான காம்பின் நுனியில் உருண்டையாக நின்றால் தண்டை ஒடித்துப் பாருங்கள், உள்ளே குழாய் மாதிரி இருந்தால் அது பொன்னாங்கண்ணி மாதிரியே தெரியும் வெளிநாட்டுச் செடியான அலிகேட்டர் களை. ஒரு கணுத் துண்டு விழுந்தாலே முளைத்துவிடும், கையோடு கரைக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

மிதவையில் உழைப்பது பூ இல்லை, தண்ணீருக்குள் தொங்கும் வேர்தான். அதில் வழவழவென்று படியும் நுண்ணுயிர்கள்தான் அழுக்கைச் சிதைக்கின்றன. அதனால் அடர்த்தியாக வேர்விடும் கோரை மாதிரியான செடிகளுக்கு முதலிடம் கொடுங்கள். சம்பும் நாணலும் ஆள் உயரத்தைத் தாண்டும், காற்றடித்தால் மிதவையே சாயும், நடுவில் கொஞ்சம் போதும். தாமரை கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அதன் கிழங்குக்குச் சேறு வேண்டும், மிதவையில் ஏது? அப்புறம், கரையில் தோண்டும்போது தாய்க் குத்தைக் காலி செய்துவிடாதீர்கள். நாற்றின் வேரை நன்றாக அலசுங்கள், நத்தை முட்டையும் களைத் துண்டும் அந்த மண்ணோடுதான் வரும். நட்ட முதல் சில வாரம் வலை போடாவிட்டால் நீர்ப்பறவைகள் குருத்தைக் கொத்தித் தீர்த்துவிடும்.

உங்கள் திட்டத்தில் அறுவடை பற்றி ஒரு வரிகூட இல்லை. செடி உறிஞ்சிய சத்து செடியோடு வெளியேறாவிட்டால், அது வாடி அழுகி மறுபடி அதே தண்ணீரில்தான் கலக்கும். சம்பை நீர்மட்டத்துக்கு மேலே வெட்ட வேண்டும், கீழே வெட்டினால் தண்டு வழியாக வேருக்குப் போகும் காற்று நின்று செத்துவிடும். வெட்டுவது யார், எந்த மாதம் என்பதைச் செடி வாங்கும் முன்பே எழுதி வையுங்கள். கரையைச் சுற்றும் நாளைச் சொன்னால் நானும் வருகிறேன்.