போத்தலில என்ன இருக்கெண்டு எழுத வைக்கேலாதோ ஐயா?

சுதேச வைத்தியத்துக்குப் பொறுப்பான ஐயாமார், அம்மாமாருக்கு வணக்கம்.

முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கம் ஸ்பீக்கர் கட்டின வான் வந்து சீனி வருத்தத்துக்கு மருந்தெண்டு தூள் விக்கிற கதை உங்களுக்குத் தெரியாததில்லை, அதால முதல்ல இருந்து சொல்லேல்ல. எங்கட வீட்டில நடந்ததை மட்டும் சொல்லுறன்.

பெரியம்மாவுக்கு 14 வருசமா சீனி வருத்தம். "90 நாளில அடியோட போகும்" எண்டு வான்காரன் கத்தினதைக் கேட்டு 6000 ரூபாய்க்கு ரெண்டு போத்தல் வாங்கிப்போட்டா. கிளினிக்கில மூச்சுக் காட்டேல்ல, சொன்னா பேசுவினம் எண்டு பயம். (பேசுறவையும் கொஞ்சம் யோசிக்கோணும், பேச்சுக்குப் பயந்துதானே சனம் ஒளிக்குது.) மூண்டாம் கிழமை இரவு 2 மணிக்கு ஆள் தெப்பமா நனைஞ்சு வேர்த்து, என்னைப் பாத்து செத்துப்போன பெரியப்பாவின்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுறா. ஆட்டோ பிடிச்சு, றோட்டில யானை நிக்குமோ எண்ட பயத்தோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா சீனி 34க்கு விழுந்து கிடக்கு. டொக்டர் கேட்டது ஒண்டுதான், "என்ன குடுத்தனீங்கள்?"

நான் போத்தலை நீட்டினன். பழைய ஜாம் போத்தல், லேபல் இல்லை, மண்நிறத் தூள். மணந்து பாத்திட்டு வெந்தயம் மாதிரி எண்டார், அவ்வளவுதான் அவராலயும் ஏலும். ரெண்டு நாள் குளுக்கோஸ் ஏத்த ஏத்த சீனி திரும்பத் திரும்ப இறங்கினது. சீனிக் குளிசையை அரைச்சுக் கலந்திருக்கலாம் எண்டு அவருக்குச் சந்தேகம். 2008ல சிங்கப்பூரில ஆம்பிளையளுக்கெண்டு களவா வித்த சக்தி மருந்துக்குள்ள கிளிபென்கிளமைட் எண்ட சீனி மருந்து கலந்திருந்து 4 பேர் செத்தவையாம். இஞ்ச ஆர் செக் பண்ணுறது?

நான் சித்த வைத்தியத்துக்கு எதிரியில்லை. சண்டை நேரம் மருந்துத் தடைக் காலத்தில என்ர முறிஞ்ச கையைக் கட்டினது எங்கட ஊர்ப் பரியாரியார்தான், எண்ணெயில என்ன போட்டிருக்கெண்டு அம்மாவுக்கு ஒவ்வொண்டாச் சொல்லித்தான் பூசினவர். யாழ்ப்பாண கம்பசில வருசக்கணக்கா சித்தம் படிச்சு வாற பிள்ளையளும் இந்த வான்காரனும் ஒண்டோ? வைத்தியர்மாரைப் பதியிறதுக்கு 1961லயே ஆயுர்வேதச் சட்டம் வந்திட்டுது, சித்தமும் அதுக்குள்ள அடக்கம். அறுபது வருசத்துக்கு மேலாகியும் அந்தச் சட்டத்துக்கு மாங்குளம் சந்தியால இஞ்சால திரும்ப பஸ் கிடைக்கேல்லப் போல. 50 ரூபா மிக்சர் பைக்கற்றில கூட என்ன போட்டது, எப்ப செய்தது எண்டு இருக்கு, மனிசர் குடிக்கிற மருந்துக்கு அதுவும் இல்லை.

கோவத்தில கூடுதலா எழுதியிருந்தா மன்னிக்கோணும். கேக்கிறது ஒண்டுதான், விக்கிறவன் ஆரா இருந்தாலும் சரி, உள்ள என்ன இருக்கு, ஆர் செய்தது, அவரின்ர பதிவு இலக்கம் என்ன எண்டு போத்தலில எழுத வையுங்கோ. எழுதாததை விக்க விடாதேங்கோ.

மிச்சத் தூள் எங்கட குசினித் தட்டில அப்பிடியே கிடக்கு. தயவு செய்து ஆரையும் அனுப்பி எடுத்து ஆய்வுக்குக் குடுங்கோ, பெரியம்மா அதைக் கொட்டச் சொல்லி ஒவ்வொரு நாளும் சண்டை பிடிக்கிறா.