நான்கு பருவங்களின் கணக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. அஞ்சல் வழியில் பி.காம். முதலாண்டில் சேரப் படிவம் வாங்கிவிட்டதாக ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னபோது அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் மறுபேச்சுப் பேசவில்லை. தன் நோய்க்காகத்தான் 2023இல் நீ பி.எஸ்சி. இயற்பியலை நான்காம் பருவத்தோடு நிறுத்தினாய் என்பது அவளுக்கு இன்னும் ஆறாத மனக்குறை. அதனால்தான் இந்தக் கடிதம். அந்தப் படிவத்தை அனுப்பிவிடாதே, சற்றுப் பொறு.

கல்லூரித் தேர்வுப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். வேறு ஊரிலிருந்து மதிப்பெண் பட்டியலோடு வந்து நின்ற பிள்ளைகளிடம், "அங்கே பாடத்திட்டம் வேறு, இங்கே வேறு" என்று சொல்லி முதலாண்டுக்கே அனுப்பிவைப்பது எங்கள் வழக்கம். விதியும் அப்போது ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது என்றாலும், அப்படித் திரும்பிப் போன முகங்களை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. என் மகளும் தானாகவே அந்த வரிசையில் போய் நிற்பதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு கிரெடிட் வங்கிக்கான விதிமுறைகளை வெளியிட்டது. வாரம் ஒரு மணி நேரம் வீதம் ஒரு பருவம் முழுவதும் கேட்ட பாடம் ஒரு கிரெடிட். தேர்ச்சி பெற்ற கிரெடிட்டுகளைக் கல்லூரி உன் கணக்கில் ஏற்றிவைக்கும். படிப்பை நிறுத்தினாலும் அவை அங்கேயே கிடக்கும், பிறகு படிப்பைத் தொடரும்போது எடுத்துப் பயன்படுத்தலாம். பெயர்தான் வங்கி, ஆனால் பணம் போட்டவரே சீட்டெழுதிச் செலுத்தும் வங்கி அன்று: மாணவர் கொண்டுபோய்க் கொடுக்கும் தாளை அது ஏற்காது, கல்லூரி ஏற்றினால்தான் உண்டு. 2021-22 கல்வியாண்டிலும் அதற்குப் பின்னும் நடந்த பாடங்களுக்கே அது பொருந்தும். நீ சேர்ந்ததும் அதே ஆண்டில்தான், அந்த மட்டில் நம் அதிர்ஷ்டம். ஆனால் கிரெடிட்டுகளுக்கு அதிகபட்சம் ஏழாண்டுதான் ஆயுள். 2022இல் நீ எழுதி முடித்த முதலாண்டுத் தாள்கள் 2029இல் காலாவதியாகிவிடும்.

இன்னொரு விதியைத்தான் நீ ஊன்றிக் கவனிக்க வேண்டும். எந்த நிறுவனம் பட்டம் தருகிறதோ, அதனிடமே பாதிக் கிரெடிட்டையாவது சம்பாதித்திருக்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டத்துக்கு மானியக் குழு வகுத்த குறைந்த அளவு 120. நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது 140. உன் இரண்டாண்டுக்கு 80க்குக் குறையாது என்று வைத்துக்கொள். 120 கேட்கும் வேறு இடத்துக்குப் போனால் 60க்கு மேல் எடுத்துச் செல்ல முடியாது, மிச்சம் வீண். பழைய கல்லூரிக்கே திரும்பினால் அந்த இழப்பே இல்லை. மூன்றாம் ஆண்டு மட்டும்தான் பாக்கி. படிப்பு இடைவெளிக்கு விளக்கம் எழுதி, அபராதக் கட்டணம் கேட்டால் கட்டி, மறுசேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அந்தத் தொகையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இயற்பியலே வேண்டாம், கணக்கியல்தான் வேண்டும் என்பது உன் உறுதியான முடிவானால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அப்போதும் பகுதி ஒன்று தமிழும் பகுதி இரண்டு ஆங்கிலமும் நான்கு பருவங்களுக்கு நீ முடித்தவை அல்லவா? அவற்றை ஏற்பார்களா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கு. வங்கியில் இருப்பதாலேயே எந்தக் கல்லூரியும் அப்படியே எடுத்துக்கொண்டாக வேண்டும் என்பதில்லை. பாடத்துக்குப் பாடம் பொருத்திப் பார்த்து முடிவெடுப்பவர்கள் அவர்கள்தாம். வாய்ப்பேச்சை நம்பாதே, அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய்ப்பேச்சாகப் பதில் சொன்னவன் சொல்கிறேன்.

ஷிப்டு வேலையோடு படிக்க முடியுமா என்று கேட்டாய். மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டெல். பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். தேர்வு எழுதத்தான் கட்டணம், அதையும் தேர்வு மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அப்படிப் படிக்க விதி இடம் தருகிறது, ஆனால் எந்தப் பாடம் என்பதைக் கல்லூரி முன்கூட்டி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நான் முப்பத்து நான்கு வயதில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. முடித்தபோது புத்தகக் கட்டு தபாலில் வரும். இரவு பத்து மணிக்கு மேல்தான் பிரிப்பேன். உனக்கு வயது இருபத்திரண்டுதான். இதைத் தாமதம் என்று நீ சொல்வது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

திங்கட்கிழமை நானே கல்லூரி அலுவலகத்துக்குப் போய், உன் நான்கு பருவங்களும் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்று கேட்டுவருகிறேன். அதற்குக் கிரெடிட் வங்கியில் உனக்குள்ள பன்னிரண்டு இலக்க எண் வேண்டும். அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் உன் ஆதாரைக் கொண்டு நுழைந்து அதை எடுத்து அனுப்பு. மதிப்பெண் பட்டியல்களில் மூன்று பீரோவில் இருக்கின்றன. மூன்றாம் பருவத்துடையது மட்டும் இல்லை; ஓசூருக்குக் கொண்டுபோன பச்சைக் கோப்பில் இருக்கிறதா என்று பார்.

அன்புடன்,
அப்பா