கணித ஆசிரியர் இல்லாத பள்ளியிடம் தேர்ச்சிக் கணக்குக் கேட்பவர்களுக்கு

மதிப்பிற்குரிய கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். பண்ருட்டி வட்டத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைந்ததற்காக எங்கள் தலைமையாசிரியையைச் சென்ற வாரம் மீளாய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். அதை எழுத்துவடிவிலும் தருமாறு கடிதம் வந்திருக்கிறது. அவர் என்ன எழுதினார் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களிடம் சொன்னதற்காக அவரிடம் இன்னொரு விளக்கம் கேட்கப்படலாம். எனவே எங்கள் விளக்கத்தை நாங்களே எழுதுகிறோம்.

தேர்வெழுதியவர்கள் 19 பேர். தேர்ச்சி பெற்றவர்கள் 15 பேர். தவறிய நால்வரும் கணிதத்தில் மட்டுமே தவறினார்கள். 19 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே ஐந்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கிவிடும் என்பது பட்டியல் தயாரிக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல.

எங்கள் கணித ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் சென்றுவிட்டார். அதில் அவர்மீது எங்களுக்கு வருத்தமில்லை. அவர் போன இடத்துக்கு இன்றுவரை யாரும் வரவில்லை. பக்கத்துப் பள்ளியிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் மாற்றுப்பணியில் வந்தவரும் அரையாண்டுத் தேர்வோடு நிறுத்தப்பட்டார். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியலுக்கும் கணிதத்துக்கும் ஓர் ஆசிரியராவது இருந்தாக வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே தன் அட்டவணையில் சொல்கிறது. அந்தச் சட்டத்தின்படி அமைந்ததுதான் நான் உறுப்பினராக உள்ள இந்தக் குழுவும். குழு மட்டும் இருக்கிறது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள். ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவோம், அப்படியும் விரல்கள் கறுத்துவிடும். அந்தக் கூலியிலிருந்து 60 வீடுகள் மாதம் 100 ரூபாய் போட்டு, கணிதம் படித்த எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்கு 6,000 ரூபாய் கொடுத்து வகுப்பெடுக்க வைத்தோம். நவம்பர் மழையில் கொட்டை காயப்போட வெயில் இல்லை. கொட்டை காயாவிட்டால் உடைப்பு இல்லை, உடைப்பு இல்லாவிட்டால் கூலியும் இல்லை. அந்த மாதம் 11 வீடுகள்தான் பணம் தந்தன. அந்தப் பெண் பாதிச் சம்பளத்தைக்கூட வாங்காமல் வந்து போனாள். தேர்ச்சி பெற்ற 15 பேரில் பலர் அவள் சொல்லிக்கொடுத்ததால்தான் கரையேறினார்கள். பாராட்ட வேண்டுமானால் அவளைப் பாராட்டுங்கள். எழுப்பி நிறுத்த வேண்டுமானால், தலைமையாசிரியையை அல்ல, காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலியை நிறுத்துங்கள்.

நிதி இல்லை என்பீர்கள். அதுவும் எங்களுக்குத் தெரியும். முன்மாதிரிப் பள்ளிகளை உருவாக்கும் பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றியத் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதியில் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததையும் செய்தித்தாளில் படித்தோம். டெல்லியும் சென்னையும் வழக்காடட்டும், அது பெரியவர்கள் பாடு. ஆனால் 100 பேருக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் எங்களுடையதைப் போன்ற பள்ளிக்கு ஆண்டு மானியமே 25,000 ரூபாய்தான். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கென்று ஒதுக்கப்படுகிறது. மிச்சத்தில் சுண்ணக்கட்டி வாங்கலாம், குழாயைப் பழுதுபார்க்கலாம், ஆசிரியரை வாங்க முடியாது. இதற்கிடையே புள்ளிவிவரம் கேட்பதில் மட்டும் ஒரு குறையும் இல்லை. காலையில் ஒரு படிவம், மாலையில் அதே விவரத்துக்கு வேறொரு படிவம், இரவில் செயலியில் பதிவேற்றம். கணக்கு நடத்த ஆளில்லாத வகுப்புக்குத் தொடுதிரைப் பலகை வரப்போகிறது என்றும் கேள்விப்பட்டோம். வரட்டும், பிள்ளைகள் அதில் தங்கள் முகமாவது பார்த்துக்கொள்வார்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். நாங்கள் கேட்பது கணித ஆசிரியர் ஒருவரை மட்டுமே. நிரந்தரப் பணியிடத்தை நிரப்பக் கலந்தாய்வு வரை காத்திருக்க வேண்டுமென்றால், அதுவரை மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை அமர்த்த அனுமதியும் அவருக்கான ஊதியமும் தாருங்கள். 2022இல் அரசு அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்ததுதானே? அனுமதி கேட்டு எங்கள் குழு நிறைவேற்றிய தீர்மானத்தின் நகலை இரண்டு முறை அனுப்பிவிட்டோம். மூன்றாவது நகலை இத்துடன் இணைத்திருக்கிறோம்.

தவறிய நால்வரும் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த வகுப்பு ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலேறி வந்துவிட்டது. கணித ஆசிரியர் இல்லாமல் ஓராண்டைக் கழித்துவிட்டுத்தான் அவர்களும் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஊர் எங்களைக் கேட்கும். அதற்கு முன் கணித ஆசிரியரை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.